செஸ்ஸா, ஆடுபுலியா? பிள்ளைக்கு முதலில் எந்த ஆட்டம்

"டீச்சர், பையனை செஸ் கிளாஸ்ல போடலாமா?"

முழுப்பரீட்சை முடியும் வாரத்தில் பள்ளி வாசலில் இந்தக் கேள்வி வந்துவிடும். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகு கேட்பவர்கள் கூடினார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனதும் இன்னும் கூடிவிட்டார்கள். கேட்பதில் தவறே இல்லை. ஆனால் எதற்காகச் சேர்க்க நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். "கணக்குல வீக்கா இருக்கான், மூளை வேலை செய்யட்டும்" என்பார் ஒருவர். "யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறா, நாலு பேரோட பழகட்டும்" என்பார் அடுத்தவர். "தோத்தா தாங்க மாட்டேங்கிறான் டீச்சர், போர்டையே கவுத்துடுறான்" என்பார் மூன்றாமவர். மூன்றும் தனித்தனித் தேவைகள். மூன்றுக்கும் ஒரே ஆட்டத்தை எழுதிக் கொடுக்க முடியாது.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை 9 ஆண்டுகளாக ஆட்டங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் தாழ்வாரத்தில் கலந்து உட்காருவார்கள். செஸ், ஆடுபுலி, பல்லாங்குழி, தாயம், எல்லாரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து ஆடும் ஆட்டங்கள் என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறேழு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் சொல்லித்தர முடியும் என்றால் நான் ஆடுபுலியைத்தான் எடுப்பேன். செஸ் அதற்கு அடுத்தது.

இதை ஒத்துக்கொள்ள, முதலில் ஒரு நம்பிக்கையைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். செஸ் ஆடினால் கணக்கு வரும், படிப்பு வரும் என்ற நம்பிக்கை அது. அர்மேனியாவில் 2011 முதல் தொடக்கப் பள்ளிகளில் செஸ் கட்டாயப் பாடம். அதன் பின்னாலும் அப்படியொரு எதிர்பார்ப்பு உண்டு. இங்கிலாந்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 100 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டில் 30 மணி நேரம் செஸ் கற்பித்தார்கள். வகுப்புகள் முடிந்து ஓராண்டு கழித்து வந்த கணக்குத் தேர்வில் செஸ் கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. முடிவு 2016இல் வெளியானது.

ஏன் அப்படி என்பதற்கு 1973இல் வந்த ஒரு சோதனையில் பாதி விடை இருக்கிறது. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பாதியில் நின்ற உண்மையான செஸ் ஆட்டம் ஒன்றை ஐந்து நொடி மட்டும் காட்டி, காய்கள் எங்கெங்கே இருந்தன என்று அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் நாலைந்துக்கு மேல் தாண்டவில்லை. பிறகு காய்களைக் கண்டபடி இறைத்துவிட்டுக் காட்டினார்கள். இப்போது தேர்ந்தவரும் புதியவரைப் போலவே தடுமாறினார். அவரிடம் இருந்தது பொதுவான நினைவாற்றல் இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பழகிய கண். செஸ் ஆடினால் செஸ் வரும். மற்றது தானாக வராது.

இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிடும். எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. மதிப்பெண் சுமையை ஆட்டத்தின் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டால், அது உண்மையில் என்ன தருகிறது என்று பார்க்க முடியும். எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று யோசிக்க வைக்கிறதா? தோற்ற பிறகும் மறுபடி உட்கார வைக்கிறதா? சின்னவரையும் பெரியவரையும் ஒரே பலகையில் சேர்க்கிறதா? வாய் திறந்து பேச வைக்கிறதா? நான் ஆட்டங்களை எடை போடுவது இந்த நாலு கேள்விகளை வைத்துத்தான்.

செஸ்ஸின் பெரிய பலம் அதன் நேர்மை. மறைவில் எதுவும் இல்லை. 64 கட்டமும் இருவர் கண் முன்னே. பகடை இல்லை, சீட்டு இல்லை. தோற்றால் பழிபோட ஆளில்லை. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற ஒற்றை விதி, கை போவதற்கு முன் கண் போக வேண்டும் என்று பிள்ளைக்குப் பழக்கிவிடும். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் கை குலுக்குவார்கள். தோற்றவன் கை நீட்டும் அந்த ஒரு நொடியை நான் ஒவ்வொரு வாரமும் கவனித்துப் பார்ப்பேன். முகம் சுண்டிப்போயிருக்கும், ஆனாலும் கை நீளும். அந்தப் பழக்கம் செஸ் கொடுத்தது.

அதே நேர்மைதான் அதன் கடுமையும். இருவருக்கும் ஆறு மாதப் பயிற்சி வித்தியாசம் இருந்தால் பத்துக்குப் பத்தும் ஒருவரே ஜெயிப்பார். எட்டு வயதுத் தங்கை, பயிற்சிக்குப் போகும் பன்னிரண்டு வயது அண்ணனோடு ஆடி ஒருமுறைகூட ஜெயிக்க வழியில்லை. ராணியை எடுத்துவிட்டு ஆடச் சொல்லலாம். ஆனால் அதைத் தங்கை சலுகையாகத்தான் எடுத்துக்கொள்வாள். இன்னொன்று, செஸ் அமைதியான ஆட்டம். பேசாத பிள்ளை பேசாமலே ஆடிவிட்டு எழுந்து போய்விடலாம். கூச்சம் போகட்டும் என்று செஸ் வகுப்பில் சேர்ப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

என் மகளையே ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்திருந்தேன். ஏழு வயது அப்போது. மூன்றாவது மாதமே போட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே ஐந்து சுற்றில் நாலில் தோற்றாள். வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் ஒவ்வொரு தோல்வியையும் பலகையில் போட்டுக் காட்டி, எங்கே முட்டாள்தனம் செய்தாள் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் செஸ் போர்டைத் தொடவில்லை. செஸ் மீது குற்றமில்லை. ஆனால் மதிப்பெண்ணும் தரவரிசையும் மிகச் சீக்கிரம் வந்து ஒட்டிக்கொள்ளும் ஆட்டம் அது என்பதைப் பெற்றோர் தெரிந்துதான் இறங்க வேண்டும். பிள்ளைக்குச் சம பலத்தில் கூட்டாளி கிடைத்து, அவளே "இன்னொரு ஆட்டம்" என்று கேட்கும்போது செஸ் போல ஆழமான ஆட்டம் வேறில்லை.

இனி ஆடுபுலி. கோயில் மண்டபத் தரையிலும் ஊர்ப் பாறையிலும் கோடு கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உச்சியிலிருந்து நாலு கோடு விரிந்து இறங்கும். அடியில் ஒரு கோடு அவற்றை மூடும். நடுவே மூன்று குறுக்குக் கோடுகள், இரு பக்கமும் வெளியே நீண்டு, நுனிகள் செங்குத்துக் கோட்டால் சேர்ந்திருக்கும். எண்ணினால் 23 புள்ளிகள் வரும். புலி மூன்று, ஆடு 15. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும்; பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி முதலிலிருந்தே நகரலாம். ஒட்டியிருக்கும் ஆட்டைத் தாண்டி அதே கோட்டில் காலிப் புள்ளி இருந்தால் குதித்து வெட்டலாம். ஆடுகள் வெட்ட முடியாது. சுற்றி நின்று புலிகளை அசைய விடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. இதே குடும்பத்தில் நேபாளத்தில் பாக் சால் என்று ஒன்று உண்டு. அங்கே நாலு புலி, 20 ஆடு.

செஸ்ஸில் இரண்டு பக்கமும் ஒரே படை. இங்கே அப்படி இல்லை. ஒருவருக்குப் பலம் மூன்றில் குவிந்திருக்கிறது. இன்னொருவருக்குப் பதினைந்தில் சிதறியிருக்கிறது. புலியாக ஆடுபவர் "எங்கே ஓட்டை இருக்கிறது" என்று தேட வேண்டும். ஆடாக ஆடுபவர் "என் பின்னால் யார் இருக்கிறார்" என்று பார்க்க வேண்டும். பின்புள்ளி நிறைந்த ஆட்டைப் புலி தொட முடியாது. இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மூன்று ஆட்டை இழந்ததும் பிள்ளைகளே கண்டுபிடித்து விடுவார்கள். "தனியா விடாதடா, பின்னாடி ஒண்ணு வை" என்று ஒருவன் கத்துவான். அந்தச் சொற்றொடர் அப்படியே எங்கள் வகுப்பில் நிலைத்துவிட்டது.

முதல் வாரம் எல்லாருக்கும் புலிதான் வேண்டும். அடித்துக்கொள்வார்கள். அதனால் ஒரு விதி வைத்தோம்: எப்போதும் இரண்டு ஆட்டம், இரண்டாவதில் பக்கம் மாற வேண்டும், இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. இந்த ஒரு ஏற்பாட்டில்தான் ஆடுபுலி மற்ற எல்லா ஆட்டத்தையும் விட ஒரு படி மேலே போகிறது என்று நினைக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தான் விரட்டிய இடத்தில் இப்போது தான் நிற்க வேண்டும். எதிராளியின் தலைக்குள் போய்ப் பார்ப்பது என்று நாம் சொல்வதைப் பிள்ளை உட்கார்ந்த இடத்தை மாற்றியே செய்துவிடுகிறது. செஸ்ஸில் வெள்ளையும் கறுப்பும் மாறலாம். ஆனால் கவலை மாறாது. இங்கே கவலையே வேறு.

எங்கள் ஆறாம் வகுப்பில் ஒரு பையன், உயரமானவன், விளையாட்டு மைதானத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். புலியாக ஆடினால் அவனை அசைப்பது கடினம். பக்கம் மாறியதும் எதிரே உட்கார்ந்தது ஐந்தாம் வகுப்புப் பெண், வாயே திறக்காதவள். அவன் ஆடுகளை அவசர அவசரமாக நடுவில் இறக்கினான். ஐந்து ஆடு போனது. முந்தின ஆட்டத்தில் அவள் இரண்டு ஆட்டை மட்டும் இழந்து அவனுடைய புலிகளை அடைத்திருந்தாள். அவன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டு, "நீ எப்படி ஓரத்துல இருந்து ஆரம்பிச்ச?" என்று கேட்டான். அவள் விளக்கினாள். அந்த வருடத்தில் அவள் வகுப்புக்கு வெளியே யாரிடமாவது நாலு வாக்கியம் சேர்த்துப் பேசியதை நான் அன்றுதான் கேட்டேன்.

இன்னொரு வசதி, ஆடுகளை ஒரு குழுவே நடத்தலாம். மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஆடு, ஒருவர் புலி. ஆட்டுக்காரர்கள் ஒவ்வொரு நகர்வுக்கும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும், அதுவும் புலி கேட்டுக்கொண்டிருக்கும்போதே. மெதுவாகப் பேசுவது, எதிர்ச் சொல்லைக் கேட்பது, தன் யோசனை எடுபடாதபோது முகம் தூக்காமல் இருப்பது எல்லாம் அந்த இருபது நிமிடத்தில் நடக்கும். கூச்சமுள்ள பிள்ளையை நான் முதலில் உட்கார வைப்பது இந்தக் குழுவில்தான்.

ஆடுபுலியிலும் குறை உண்டு. நன்றாகத் தேர்ந்த இருவர் ஆடினால் இழுத்துக்கொண்டே போகும். எத்தனை ஆடு போனால் தோல்வி என்பது ஊருக்கு ஊர் மாறும். முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் சண்டை உறுதி. நாங்கள் ஐந்து என்று வைத்திருக்கிறோம். செஸ் போல ஆண்டுக்கணக்கில் தோண்டிக்கொண்டே போகும் ஆழமோ, புத்தகங்களோ, போட்டிகளோ இதற்கு இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் சில பிள்ளைகள் இதைக் கடந்து செஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். போகட்டும். போகும்போது எதிராளியைப் பார்க்கத் தெரிந்துகொண்டு போவார்கள்.

பல்லாங்குழியை யோசிக்கும் ஆட்டம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. வீட்டில் பாட்டியும் பெண்களும் பொழுதுபோக்க ஆடியது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்று வைத்தால் 70. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். போடும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்குரியவர் எடுத்துக்கொள்வார். பகடையே கிடையாது. எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதைக் கை வைப்பதற்கு முன்பே கணக்கிட முடியும். முதல் நாள் யாரும் கணக்கிட மாட்டார்கள். பத்தாவது நாள் ஒரு பிள்ளை விரலைக் காற்றிலேயே நகர்த்தி எண்ணிக்கொண்டிருப்பாள். முன்யோசனை முளைப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்த விரலைப் பாருங்கள். மான்கலா என்று பொதுப்பெயரால் அழைக்கப்படும் இந்தக் குழி ஆட்டங்கள் ஆப்பிரிக்கா முழுவதும் உண்டு. மலேசியாவில் இதற்குச் சோங்காக் என்று பெயர்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இரண்டாவது சுற்று. முதல் சுற்றில் குறைவாகச் சேர்த்தவர் தன்னிடம் இருக்கும் காய்களைக் கொண்டு எத்தனை குழியை நிரப்ப முடியுமோ அத்தனையைத்தான் நிரப்பலாம். மீதிக் குழிகள் ஆட்டத்தில் இல்லை. தோற்றவர் இன்னும் சின்ன இடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், இது நியாயமே இல்ல, இருக்கிறவங்களுக்கே இன்னும் சேருது" என்றாள். அன்று ஆட்டம் நின்றுபோய் அரை மணி நேரம் பேச்சுதான். ஜெயித்தவர் கடன் கொடுக்கலாமா? கொடுத்தால் திருப்பிக் கேட்கலாமா? மூன்று விதமான விதிகளை எழுதி, மூன்றையும் ஆடிப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டார்கள்.

ஜான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் கோலி ஆடும் சிறுவர்களோடு உட்கார்ந்து கவனித்துச் சொன்ன ஒன்று இங்கே பொருந்துகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, மாற்றவே கூடாதது. பத்துப் பதினொரு வயதை ஒட்டித்தான், எல்லாரும் ஒத்துக்கொண்டால் விதியை மாற்றலாம் என்று அவர்களுக்குப் புரியத் தொடங்குகிறது. அச்சடித்த விதிப்புத்தகத்தோடு வரும் ஆட்டத்தில் இதற்கு வேலை குறைவு. நம்முடைய ஆட்டங்களுக்குப் புத்தகம் இல்லை. தெருவுக்குத் தெரு விதி மாறும். "எங்க ஊர்ல இப்படித்தான்", "எங்க ஆத்தா அப்படிச் சொல்லித்தரல" என்று இருவர் மோதி, பேசி, ஒரு ஒப்பந்தத்துக்கு வந்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும். அந்தப் பேச்சுக்காகவே நான் இந்த ஆட்டங்களை விடமாட்டேன். அவசரப்பட்டுப் பெரியவர் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லிவிட்டால் பாடம் போய்விடும்.

தாயத்தை முழு வியூக ஆட்டம் என்று சொல்ல மாட்டேன்; அதிர்ஷ்டம் பாதி. ஆனால் அந்தப் பாதிதான் அண்ணனையும் தங்கையையும் தாத்தாவையும் ஒரே கட்டத்தைச் சுற்றி உட்கார வைக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை தாத்தாவின் காயை வெட்டி, பழம் ஏற்றி, ஜெயித்துவிட முடியும். வியூகமும் இல்லாமல் இல்லை. விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது, வெட்டுப்படாத மலைக் கட்டத்தில் ஏறி நிற்பதா, வெட்டப் போவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும்.

கணக்கு வீக் என்று சொல்லும் பெற்றோருக்கு நான் கொடுப்பது செஸ் இல்லை, பித்தளைத் தாயக்கட்டைதான். கட்டைக்கு நாலு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டு விதம்தான். எட்டில் ஒரு பங்கு. இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு கிடைப்பது பதினாறில் ஒன்று. மூன்று விழ நாலு வழி இருக்கிறது. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் நடக்கும். "எனக்கு ராசியே இல்ல" என்று அழும் பிள்ளையோடு சேர்ந்து 160 முறை உருட்டிக் கோடு போட்டுப் பாருங்கள். இருபதை ஒட்டித் தாயம் வரும். அவனுக்கு மட்டும் விரோதமாகக் கட்டை விழவில்லை என்று அவனே எழுதிய கோடுகள் சொல்லும்.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குப் பரமபதம் போதும். அதில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. முறை வரும்வரை காத்திருப்பதும் பாம்பு கொத்தினால் இறங்கி வருவதும்தான் பாடம். ராபர்ட் சீக்லர், கீதா ராமணி இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் பத்து வரை நேர்கோட்டில் எண்கள் எழுதிய அட்டையில் பதினைந்து நிமிட அளவில் நாலு முறை ஆடியதிலேயே ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நாலைந்து வயதுப் பிள்ளைகளின் எண்ணறிவு கூடியது. பின்னாளில் வந்த ஒரு ஆய்வு, எப்படி எண்ணுகிறோம் என்பதும் முக்கியம் என்று காட்டியது. காய் 27இல் இருந்து மூன்று விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்தாமல், "28, 29, 30" என்று சொல்லி நகர்த்தப் பழக்குங்கள்.

போர்டைக் கவிழ்க்கும் பிள்ளைக்கு இவை எதையும் உடனே கொடுக்காதீர்கள். அவனுக்கு எல்லாரும் ஒரே பக்கம் நின்று ஆடும் ஆட்டம் வேண்டும். ஜெயித்தால் எல்லாரும் ஜெயிப்பார்கள், தோற்றால் எல்லாரும். ஜெர்மனியில் 1986இல் வந்த பழத்தோட்ட ஆட்டம் ஒன்று இந்த வகையில் பெயர் பெற்றது. நிறப் பகடையை உருட்டி, அந்த நிறப் பழத்தைப் பறிக்க வேண்டும். பகடையில் காக்கை விழுந்தால் காக்கைப் படத்தில் ஒரு துண்டு சேரும். காக்கை முழுதாக வந்துசேர்வதற்குள் பழங்களைப் பறித்து முடிக்க வேண்டும். கடையில் தேடி அலைய வேண்டாம். சார்ட்டில் மா, கொய்யா, நாவல், எலுமிச்சை என்று நாலு மரம் வரைந்து, பட்டன்களைப் பழமாக வைத்து நாங்களே செய்துகொண்டோம். 1994இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், நாலைந்து வயதுப் பிள்ளைகள் இப்படிக் கூட்டாக ஆடும் பலகை ஆட்டங்களை ஆடிய நாட்களில், ஆட்டம் முடிந்து தாமாக விளையாடும் நேரத்திலும் அடிதடி குறைந்து ஒத்துழைப்பு கூடியது. போட்டி ஆட்டங்களை ஆடிய நாட்களில் அது நேர்மாறாக இருந்தது.

இந்த வகையின் குறை, வாய் உள்ள பிள்ளை எல்லாருக்கும் சேர்த்துத் தானே ஆடிவிடும். "நீ அதை எடு, நீ இதை வை" என்று ஒருவரே நடத்த, மற்றவர்கள் கை மட்டும் ஆகிவிடுவார்கள். எட்டு வயதுக்கு மேல் ஹனாபி என்ற சீட்டாட்டம் இதற்கு அருமையான மாற்று. ஒவ்வொருவரும் தன் சீட்டை எதிர்ப்பக்கம் காட்டிப் பிடிக்க வேண்டும்; தன்னுடையது தனக்கே தெரியாது. மற்றவர்கள் கொடுக்கும் குறிப்பை நம்பித்தான் ஆட முடியும், குறிப்புகளுக்கும் அளவு உண்டு. எல்லாம் தெரிந்த பிள்ளைகூட அடுத்தவரைக் கேட்டே தீர வேண்டும்.

பணம் வைத்து நிலம் வாங்கும் பிசினஸ் வகை ஆட்டங்களை நான் சேர்ப்பதில்லை. இரண்டு மணி நேரம் இழுக்கும். முதலில் திவாலானவர் மீதி நேரம் முழுவதும் வேடிக்கை பார்க்க வேண்டும். பேரம் பேசக் கற்றுத்தர வேண்டுமென்றால் ‘கேட்டான்’ (Catan) என்ற பலகை ஆட்டம் நல்லது. அதில் கடைசிவரை யாரும் வெளியேறுவதில்லை, ஒருவருக்கொருவர் சரக்கு மாற்றாமல் முன்னேறுவதும் கடினம். விலை அதிகம், பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கடினம். கைப்பேசி செயலிகளைப் பற்றியும் கேட்பார்கள். தனியாகச் செஸ் பழக அவை உதவும். எதிரே ஒரு முகம் இல்லாததால் இங்கே நாம் பேசும் பாதி விஷயம் அதில் கிடையாது.

ஆக, வாசலில் நின்று கேட்ட அந்த மூவருக்கும் நான் சொன்னது இது. கணக்கு வரவில்லை என்றவருக்குத் தாயமும் பல்லாங்குழியும், வீட்டுப் பெரியவர்களோடு, வாரம் மூன்று நாள். பேசாத பெண்ணுக்கு ஆடுபுலியில் ஆட்டுக் குழு, பிறகு தனியாக. போர்டைக் கவிழ்ப்பவனுக்கு ஒரு மாதம் கூட்டு ஆட்டம், அப்புறம் தாயம், அதில் நாலு தோல்வியைச் சிரித்துக் கடந்த பிறகு ஆடுபுலி. செஸ் வகுப்பை மூவருக்கும் ஒரு வருடம் தள்ளிவைக்கச் சொன்னேன். ஏற்கெனவே அதில் ஆசையாக இருக்கும் பிள்ளையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பயிற்சியாளர் தோல்வியைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று ஒருநாள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சேருங்கள்.

தம்பி, தங்கைகளை விரட்டாதீர்கள். தெருவில் நாம் ஆடும்போது சின்னதுகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டோமே, அதுபோல ஒரு இடம் எப்போதும் இருக்கட்டும். பல்லாங்குழியில் காய் எண்ணிக் கொடுக்க, தாயத்தில் கட்டை உருட்ட ஒரு சின்னக் கை வேண்டும்.

இன்று மாலையே தொடங்குவதென்றால் செலவே இல்லை. சிமெண்ட் தரை, ஒரு சாக்பீஸ், 15 புளியங்கொட்டை, மூன்று கூழாங்கல். எத்தனை ஆடு போனால் ஆட்டம் முடியும் என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். முதல் ஆட்டத்தில் புலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் ஆடாக உட்காருங்கள். இரண்டாவதில் இடம் மாறிக்கொள்ளுங்கள்.